கஞ்சி கொட்டவில்லை

என் மனைவி உடம்பெல்லாம் வெந்து கிடந்தபோது எங்கள் வீட்டில் தீ எதுவும் பற்றவில்லை. கஞ்சியும் கொட்டவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் எனக்கும் நிம்மதி, படிக்கிறவருக்கும் குழப்பம் இருக்காது. அவள் பிழைக்கவில்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை ஆசை காட்டி ஏமாற்றுகிற கதை எனக்குப் பிடிக்காது.

அவளைக் கொண்டுபோனது நடுவில் கோடு போட்ட ஒரு வெள்ளை மாத்திரை. நீர்க்கடுப்புக்குக் கொடுக்கிற சல்பா மாத்திரை. எத்தனையோ லட்சம் பேர் விழுங்கி எழுந்து நடமாடிய மாத்திரைதான். அவள் உடம்புக்கு மட்டும் அது ஆகவில்லை. ஆகவில்லை என்பதை உடம்பு முன்கூட்டியே பலமுறை சொல்லியும் பார்த்தது. சொன்னது எங்களுக்குப் புரியவில்லை, அவ்வளவுதான்.

இது அறுபதுகளின் தொடக்கத்தில், சிவகாசியில் நடந்தது. சிவகாசியில் ஒருத்தி தோல் உரிந்து கிடக்க, தீயே இல்லை என்று புருஷன்காரன் சொன்னால் யார் நம்புவார்? இன்னொருவன் வந்து சொல்லியிருந்தால் நானே நம்பியிருக்க மாட்டேன்.

ஏனென்றால், அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் யாருக்கும் வெடியால் தீக்காயம் பட்டதே இல்லை. ஆஸ்பத்திரியில் போய்க் கேட்டால் அப்படித்தான் சொல்வார்கள். மீசை வைத்த ஆம்பளை, பிறந்ததிலிருந்து அடுப்படியை எட்டிப் பார்க்காதவன், புருவம் பொசுங்கி, காது மடலில் கரி ஒட்ட வந்து நிற்பான். என்ன ஆச்சு என்று கேட்டால், "சோறு வடிச்சேன் சார், கஞ்சி கொட்டிருச்சு" என்பான். கம்பெனி ஷெட்டில் வெந்தவனுக்கும் கஞ்சிதான். வீட்டில் திருட்டுத்தனமாக வெடிமருந்து வைத்துச் சரம் பின்னியவனுக்கும் கஞ்சிதான். ஷெட்டில் தீ என்று வெளியே தெரிந்தால் போலீஸ் வரும், இன்ஸ்பெக்டர் வருவார், கம்பெனிக்குப் பூட்டு விழும். சீசன் நேரத்தில் அத்தனை குடும்பமும் வேலையில்லாமல் உட்கார வேண்டும். வீட்டில் தீ என்று தெரிந்தாலோ ஆள் உள்ளே போக வேண்டியதுதான். கஞ்சி என்று சொல்லிவிட்டால் ஒரு வம்பும் இல்லை. டாக்டருக்கும் ஸ்டேஷனுக்குச் சொல்லியனுப்புகிற வேலை மிச்சம். அதனால் ஊரே கூடி அந்த ஒரு பொய்யை வளர்த்து வைத்திருந்தது. எல்லோருக்கும் தெரிந்த பொய், எல்லோருக்கும் வசதியான பொய்.

நான் லித்தோ பிரஸ்ஸில் கல் தேய்க்கிறவன். தீப்பெட்டிக்கும் பட்டாசுக் கட்டுக்கும் ஒட்டுகிற லேபிள்களை அப்போது கல்லில்தான் வரைந்து அச்சடித்தோம். ஓர் ஆர்டர் முடிந்ததும் மணலும் தண்ணீரும் விட்டுக் கல்லைத் தேய்த்துப் பழைய படத்தை அழிக்க வேண்டும். பிறகுதான் அதே கல்லில் புதுப் படம். அவசரத்தில் மேலாகத் தேய்த்துவிட்டால் கல் பார்வைக்குச் சுத்தமாகத்தான் இருக்கும். மையைப் பூசி ஓட்டினால் புதுத் தாமரைக்கு நடுவே போன மாதத்துக் கிளியின் மூக்கு மங்கலாக எழுந்து நிற்கும். முதலாளி என் பரம்பரையை இழுத்து வைவார். இதை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

அவள் விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் சங்குசக்கரம் சுற்றினாள். வேலையில் கெட்டிக்காரி, பேச்சில் இன்னும் கெட்டிக்காரி. ஆனால் பொய் என்று ஒன்று அவளுக்கு வராது. கொள்கை, சத்தியம் என்றெல்லாம் பெரிதாக நினைக்க வேண்டாம். சிலருக்குப் பாட்டு வராது இல்லையா, அந்த மாதிரி வராது. லேட்டாகப் போன அன்று மற்றப் பெண்கள் மேஸ்திரியிடம் காய்ச்சல், தலைவலி, மாமியார் செத்துப் பிழைத்தாள் என்று அளப்பார்கள். இவள் போய், "தூங்கிட்டேன்ணே" என்று நிற்பாள். மேஸ்திரிக்கே என்ன சொல்லித் திட்டுவது என்று தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் வாசலில் வந்து கூப்பிட்டார். உட்கார்ந்தால் சூரியன் சாய்கிறவரை எழுந்திருக்க மாட்டார். நான் வெளியே போயிருப்பதாகச் சொல்லச் சொல்லி அவளை அனுப்பினேன். அவளும் போனாள். "அவுக வெளிய போயிருக்காகண்ணே" என்று ஒப்பித்தாள். நான் கதவுக்குப் பின்னால் நிம்மதியாக மூச்சுவிட்டேன். உடனே முகத்தை உள்பக்கம் திருப்பி, வீடே கேட்கும்படி என்னிடம், "சரியாச் சொன்னேனா?" என்று கேட்டாளே பார்க்கலாம். அந்த மனிதர் சிரித்துக்கொண்டே உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அது ஒரு பேச்சாகவே ஆகிவிட்டது. எதற்கெடுத்தாலும் நான், "சரியாச் சொன்னேனா?" என்று அவளைச் சீண்டுவேன். அவள் கையில் இருப்பதை என்மேல் எறிவாள்.

கம்பெனி ஷெட்டுகள் பொட்டல் காட்டில், ஒன்றுக்கொன்று எட்டி எட்டி இருந்தன. பெண்களுக்கு ஒதுங்க இடம் கிடையாது. அதனால் காலையில் வேலைக்கு உட்கார்ந்தால் பொழுது சாயும்வரை ஒருத்தியும் தண்ணீர் குடிக்க மாட்டாள். அந்த வெயிலில், அந்தத் தகர நிழலில் அப்படி இருந்தால் என்ன ஆகும்? நீர்க்கடுப்பு. அவளுக்கு அது மாதம் தவறினாலும் தவறாமல் வந்தது. கடைத்தெருவில் ஒரு கம்பவுண்டர் காகிதத்தில் மடித்துச் சல்பா மாத்திரையும் சோடா உப்பும் கொடுப்பார். இரண்டு வேளையில் கடுப்பு விட்டுவிடும். "அந்த மாத்திரை எனக்குத் தெய்வம்" என்பாள்.

முதல் தடவை அதைச் சாப்பிட்டபோது ஒன்றும் இல்லை. அடுத்த தடவை இடது மணிக்கட்டுக்கு மேலே, எட்டணாக் காசு அளவுக்கு வட்டமாக ஒரு சிவப்பு எழுந்தது. எரிச்சல் என்றாள். சில நாளில் அடங்கிக் கருநீலத் தழும்பாக நின்றது. பக்கத்து வீட்டு அக்கா வந்து பார்த்துவிட்டு, "பொறி தெறிச்சிருக்கும்டி, கவனிச்சிருக்க மாட்ட" என்று சுண்ணாம்புத் தண்ணீரும் தேங்காய் எண்ணெயும் அடித்துக் கலந்து தடவிவிட்டார். அந்த அக்கா இவளோடு அதே ஷெட்டில் வேலை செய்தவர். இவளுக்குத் தாய் இல்லாத குறையைத் தீர்த்தவர். ஊரில் உடம்பில் எது சிவந்தாலும் பொறி, எது கறுத்தாலும் தழும்பு. வேறு யோசனை யாருக்கும் ஓடாது.

மறுபடி கடுப்பு, மறுபடி மாத்திரை. ராத்திரி விழுங்கினாள், காலையில் அதே தழும்பு சிவந்து எரிந்தது. கூடவே கீழுதட்டில் ஒன்று. அதற்கடுத்த முறை அந்த இரண்டும் எழுந்து, முதுகில் புதிதாக இன்னொன்று.

"ஒரே எடத்துலயா திரும்பத் திரும்பப் பொறி விழும்?" என்று கேட்டேன்.

"பொறிகிட்ட போய்க் கேளுங்க" என்றாள்.

சிரித்தோம்.  கேள்வி சரியான கேள்விதான். பதிலைத் தேடாமல் சிரித்துவிட்டோம்.

பதில் எனக்குக் கிடைத்தபோது என் தலை நரைத்துவிட்டது. காலில் ஒரு படைக்காக மதுரையில் தோல் டாக்டர் ஒருவரிடம் போயிருந்தேன். எந்த மாத்திரையாவது ஒத்துக்கொள்ளாதா என்று கேட்டார். எனக்கு இல்லை, என் வீட்டுக்காரிக்கு என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். வெளியே இருந்தவர்களைக் காக்கவைத்துவிட்டு அவர் ஒரு காகிதத்தில் படம் போட்டு எனக்கு விளக்கினார்.

நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் என்று ஒரு சுரப்பி இருக்கிறதாம். ரத்தத்தின் வெள்ளணுக்களில் ஒரு வகை அங்கே போய்ப் பழகி வருகிறது. நம்முடையது எது, அந்நியம் எது என்று தரம் பிரிக்கப் பழக்குகிற இடம் அது. அங்கே பழகியவற்றுக்கு டி செல் என்று பெயர். கிருமி நுழைந்த செல்லைக் கண்டுபிடித்துக் கொல்வது அவற்றின் வேலை. சிலருடைய உடம்பில் சல்பா மாதிரி ஒரு மருந்து போய் அவர்களுடைய சொந்தப் புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. ஒட்டியதும் அந்தப் புரதத்தின் முகம் மாறிவிடுகிறது. அந்த முகம் ஏதாவது ஒரு டி செல்லுக்குப் பகையாகப் பட்டால் போதும், அது பெருகத் தொடங்கிவிடும். முதல் தடவை பெருகுவதற்கு நாள் பிடிக்கும். அதனால்தான் முதலில் ஒன்றும் தெரியவில்லை. பெருகியவை தோலுக்கு வந்து தோலின் செல்களையே கொல்கின்றன. மருந்து தீர்ந்ததும் பெரும்பாலானவை அழிந்துவிடும். கொஞ்சம் மட்டும் அங்கேயே, அந்த வட்டத்துக்குள்ளேயே தங்கிவிடும். அடுத்த முறை மாத்திரை ரத்தத்தில் கரைந்த சில மணி நேரத்தில் அவைதான் முதலில் விழித்துக்கொள்ளும். அதனால்தான் அதே இடம். ஒவ்வொரு முறையும் ஆள் கூடும், இடமும் கூடும். அபூர்வமாக ஒரு தடவை உடம்பு முழுக்கப் பரவும். அப்போது மேல்தோல் அடித்தோலை விட்டுக் கழன்று வந்துவிடும், வெந்நீர் பட்ட மாதிரியே.

அவர் பேசப் பேச எனக்குக் கல்தான் ஞாபகத்துக்கு வந்தது. மேலே சுத்தமாக இருக்கிற கல்லுக்குள் கிளி இருந்திருக்கிறது. அவள் மணிக்கட்டை எத்தனை முறை கையில் பிடித்திருப்பேன்.

"இதெல்லாம் அப்பவே தெரியுமா சார்?" என்று கேட்டேன்.

"டி செல் கதை பின்னாடிதான் தெரியும். ஆனா மாத்திரையால இப்படி வரும், மாத்திரைய நிறுத்தணும்ங்கிறது அப்பவே தெரிஞ்சதுதான்" என்றார். பொய்யாகவாவது தெரியாது என்று சொல்லியிருக்கலாம்.

ஐப்பசி, தீபாவளிக்கு முந்தின வாரங்கள். ராப்பகலாக லோடு போய்க்கொண்டிருந்தது. அவளுக்குக் காய்ச்சலோடு கடுப்பு வந்தது. வேலைக்குப் போகாமல் வீட்டில் படுத்துக்கொண்டு, சீக்கிரம் எழுந்திருக்க வேண்டும் என்று வழக்கத்தைவிடக் கூடவே மாத்திரை விழுங்கினாள். மறுநாள் பழைய வட்டங்கள் எல்லாம் எழுந்தன. சாயங்காலத்துக்குள் தொடையில், மார்பில், கழுத்தில் புது வட்டங்கள். அதற்கும் மறுநாள் வட்டங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து நீர் கோத்துக் கொப்புளமாயின. கண் வீங்கி மூடிக்கொண்டது. உதடு வெடித்து வாய்க்குள்ளும் புண். சேலை பட்ட இடத்தில் தோல் சேலையோடு வந்தது. நான் அலறிய அலறலில் பக்கத்து வீட்டு அக்கா ஓடிவந்து, வாழையிலை வெட்டிவரச் சொல்லி அவளை அதில் கிடத்திக் குதிரை வண்டியில் ஏற்றினார். ஆஸ்பத்திரி எது, எந்த ஊரில் என்பதை நான் சொல்லப்போவதில்லை. அங்கே யாரும் அவளைக் கொல்ல நினைக்கவில்லை.

வழியெல்லாம் அக்கா அவள்மேல் ஈ உட்காராமல் விசிறிக்கொண்டே வந்தார். என் வீட்டுக்குள் என்ன நடந்தது என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதுதான் எங்கள் ஊரில் மரியாதை. வாசலில் இறங்கியதும், டாக்டர் வாயைத் திறக்கும் முன்பே அக்கா சொன்னார்:

"சோறு வடிக்கையில கஞ்சி கொட்டிருச்சு சார்."

கெடுதல் நினைத்துச் சொல்லவில்லை. கும்பிடு போடுகிற மாதிரி பழக்கத்தில் வந்த சொல். என்னைக் காப்பாற்ற வந்த சொல். அக்கா பல வருடம் கழித்துக் கண்ணை மூடினார். தன்னால்தான் என் கையில் விலங்கு ஏறவில்லை என்ற நிறைவோடுதான் போயிருப்பார். நான் கடைசிவரை எதையும் சொல்லவில்லை. அந்த அம்மாளிடம் போய் எதைச் சொல்ல?

ஆனால் அன்று எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "இல்ல சார், கஞ்சி கிஞ்சி எதுவும் கொட்டல. தீயும் இல்ல. காய்ச்சலாக் கெடந்தா. தானா இப்படி வந்துச்சு" என்றேன்.

டாக்டர் என்னைப் பார்த்தார். தூக்கம் இல்லாத கண். அந்த வாரத்தில் எத்தனை கஞ்சி பார்த்தாரோ. "தானா வருமாய்யா? வேலைக்கும் போகலங்கிற. அப்ப வீட்டுல எவ்வளவு வெடிமருந்து வச்சிருந்த?" என்றார்.

"சத்தியமா ஒரு பொட்டு கெடையாது சார்."

"இங்க பாரு. கஞ்சின்னா கட்டுப் போட்டுட்டு என் வேலையைப் பாப்பேன். இல்லைன்னு நீ அடிச்சுப் பேசினா ஸ்டேஷனுக்குச் சொல்லியனுப்பணும். அவங்க வந்து உன் வீட்டைக் கிளறட்டும். எதுன்னு யோசிச்சுச் சொல்லு."

"கிளறட்டும் சார், எனக்கென்ன!" என்று நான் கத்தினேன். அக்கா என் கையை நகம் பதியப் பிடித்து, "தம்பி, பேசாம இருங்க, அவ கேக்குறா" என்றார். தள்ளுகட்டிலில் அவள் கண் மூடித்தான் கிடந்தது. காதுக்கு ஒன்றும் ஆகவில்லை.

தீக்காயத்துக்கு என்ன செய்வார்களோ எல்லாம் செய்தார்கள். ஊதா மருந்து பூசினார்கள், குளுக்கோஸ் ஏற்றினார்கள். புண் சீழ் பிடிக்காமலிருக்க வேளாவேளைக்கு மாத்திரை கொடுத்தார்கள். வெள்ளை மாத்திரை, நடுவில் கோடு. கூடவே சோடா உப்பு. எனக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை. நல்ல மருந்து என்றுதான் நினைத்தேன், அவளுக்கு எப்போதும் கேட்கிற மருந்து.

மறுநாள் முற்பகலில் வார்டு நர்ஸ் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். நாசரேத் பக்கத்துக்காரர், என் தங்கை வயது இருக்கும். சுற்றிப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"அண்ணே, நேத்து முதுகுல கீழ்ப்பக்கம் நல்லா இருந்துச்சு, நானே துடைச்சேன். இன்னைக்கு அங்கயும் கொப்புளம். தீப்பட்டு ஆஸ்பத்திரிக்கு வந்த பெறகு புது எடத்துல எப்படி வரும்? நெசமாவே தீ இல்லையா?"

அந்த ஊரில் என்னை நம்பிக் கேட்ட ஒரே கேள்வி அது. எனக்கு அழுகை வந்துவிட்டது. இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"வாறதுக்கு முன்னால ஊசி, மாத்திரை ஏதும் எடுத்தாங்களா?"

நீர்க்கடுப்பு மாத்திரையைச் சொன்னேன். அவர் தட்டிலிருந்த ஒன்றை எடுத்து, "இதுவா?" என்று காட்டினார். இதுதான் என்றேன். அவர் முகம் மாறியதை இன்றைக்கும் வரைந்து காட்டுவேன்.

"எனக்கும் நிச்சயமாத் தெரியலண்ணே. நான் படிச்ச எடத்துல ஒரு பையனுக்கு இப்படி வந்துச்சு. மாத்திரைய நிறுத்துங்கன்னு பெரிய டாக்டர் சத்தம் போட்டாரு. அவன் பொழைச்சானான்னு தெரியாது, நான் அதுக்குள்ள மாறி வந்துட்டேன். மத்தியானத்து மாத்திரைய நான் கொடுக்காம வைக்கேன். சாயங்காலம் டாக்டர் வந்ததும் சொல்லுதேன். அவர் உங்க பேச்சைக் கேக்க மாட்டாரு. அவங்க வாயால வரணும். தீயும் இல்ல, கஞ்சியும் இல்லன்னு அவங்க சொல்லட்டும்."

எனக்கு உயிர் வந்தது. பொய் வராதவளிடம் உண்மையைச் சொல்லச் சொல்வதில் என்ன கஷ்டம்? ஓடிப்போய் அவள் காதருகே குனிந்தேன். "டாக்டர் வந்து கேப்பாரு. ஒண்ணுமே நடக்கலன்னு சொல்லு, போதும். அந்த மாத்திரைதான் ஆகலயாம், நிறுத்திருவாக" என்றேன்.

அவள் உதட்டை அசைத்தாள். "போலீசு?"

"வராது. வந்தா வரட்டும். நம்ம வீட்ல என்ன இருக்கு?"

 வீட்டில் என்ன இருக்கிறது என்பது போலீசுக்கு முக்கியமில்லை என்று எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். அதற்கு முந்தின சீசனில் பின் தெருவில் ஒருவனை, வீட்டில் ஒன்றும் இல்லாமலே கொண்டுபோனார்கள். அவன் திரும்பி வந்தபோது வலது கையைத் தூக்க முடியவில்லை. நான் கல் தேய்க்கிறவன். கைதான் எனக்கு எல்லாம். இதை அவள் நினைத்திருப்பாள் என்று நான்தான் சொல்லிக்கொள்கிறேன். என்ன நினைத்தாளோ, அது அவளோடு போயிற்று.

சாயங்காலம் டாக்டர் வந்தார். நர்ஸ் அவரிடம் தணிந்த குரலில் சொன்னார். புதுக் கொப்புளத்தைக் காட்டினார், மாத்திரையைக் காட்டினார். டாக்டர் எரிந்து விழுவார் என்று எதிர்பார்த்தேன். விழவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குனிந்து அவள் வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்தார். நெற்றியைச் சுருக்கினார். அவருக்கும் சந்தேகம் தட்டிவிட்டது, அது எனக்குத் தெரிந்தது. கட்டில் கம்பியை நான் இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"ஏம்மா, நான் பேசுறது கேக்குதா? பயப்படாம உள்ளதைச் சொல்லு. கஞ்சி கொட்டுச்சா, மருந்து வெடிச்சுச்சா, இல்ல ஒண்ணுமே நடக்கலையா?"

அவள் என் பக்கம் முகத்தைத் திருப்பினாள். மூச்சு வாங்கியது. "சொல்லு" என்றேன் நான். "ஒண்ணும் நடக்கலன்னு சொல்லு."

"ஏய், நீ சொல்லிக் கொடுக்காத" என்றார் டாக்டர்.

அவள் வாயைத் திறந்தாள். ஒவ்வொரு வார்த்தைக்கும் உதட்டில் ரத்தம் கசிந்தது.

"கஞ்சிதான் சார். சோறு வடிச்சேன். கை தவறிருச்சு."

"பொய் சார்!" என்று கத்தினேன். "பொய் சொல்றா சார், எனக்காகச் சொல்றா!"

டாக்டர் எழுந்தார். நெற்றிச் சுருக்கம் போய்விட்டது. பாரம் இறங்கிய முகம். "சாகக் கிடக்கிறவ பொய் சொல்றா, நீ உண்மை சொல்றியாக்கும்" என்றார். பிறகு அவருக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும், என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். நர்ஸிடம் திரும்பி, "கேட்டுக்கிட்டீங்களா? மத்தியான டோஸையும் சேர்த்துக் கொடுத்திருங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். அங்கே ஒரு கிழவர் கருகிய கையோடு, கஞ்சி என்று ஆரம்பித்துக்கொண்டிருந்தார்.

நர்ஸ் அப்படியே நின்றார். அவர் என்ன செய்ய முடியும்? நோயாளியே சொல்லிவிட்டாள். இரண்டு வேளை மாத்திரையையும் கிண்ணத்தில் போட்டுப் பொடித்தார். முழுசாக விழுங்க அவளுக்குத் தொண்டை இல்லை. தண்ணீர் விட்டுக் கரைத்தார்.

அவள் விரலை அசைத்து என்னைக் கூப்பிட்டாள். காதை அவள் வாயருகே கொண்டுபோனேன்.

"சரியாச் சொன்னேனா?"

கேலிக்குக் கேட்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்றைத் தப்பில்லாமல் செய்துவிட்டோமா என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். இல்லை என்று நான் என்ன சொல்வது? கிழித்துவிட்டாய், உன்னையே கொன்றுகொண்டாய் என்றா?

"சரியாத்தான் சொன்ன" என்றேன்.

நர்ஸ் ஸ்பூனை நீட்டினார். கசக்குமே என்று நான் நினைத்தேன், வேறு எதுவும் நினைக்கத் தோன்றவில்லை. அவள் வாயைத் திறந்தாள்.